தேயிலை மலையில் நான் எழுதிய கடல் ஏற்றம்

"…அதெல்லாம் இருக்கட்டும் டுவான், கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் கையைக் காட்டுங்க. இன்னைக்கு சாயங்காலமே சாவிக் கீரையைப் புடுங்கிக்கிட்டு நான் கிளம்பிடறேன்."

பாக்கியம் மேடையில் இருந்த அதிகாரியிடம் இப்படிச் சொன்னபோது தோட்டத்து மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய பேச்சுதான். கேமரன் மலையில் நின்றுகொண்டு கடலுக்கு வழி கேட்டால் வேறென்ன செய்வது? ஆனால் மேடையில் ஒட்டியிருந்த வரைபடத்தில், தேயிலைச் சரிவுக்குக் கீழே, ‘கடல் உச்ச ஏற்றக் கோடு’ என்று எழுதி நீல மையில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடு, சாவி என்று நாங்கள் சொல்லும் கடுகுக் கீரை போட்டிருந்த பாக்கியத்தின் பாத்திகளை முழுசாக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு போனது. அந்தக் கோட்டைப் பெற்ற அப்பன் நான்தான். இரண்டாம் வரிசையில், மடியில் அளவு நோட்டோடு, என்னைப் பார்த்துவிடப் போகிறாளே என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கதையை நான் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. போன மாதம் எங்கள் பழைய இலாகாவிலிருந்து ஒரு பிள்ளை போன் செய்தது. ஏரிப் பாதுகாப்புக்குப் புதுத் திட்டம் எழுதுகிறார்களாம்.

"அங்கிள், மலைமேல கடல் ஏற்றம் எழுதி வச்சது நீங்கதான்னு சொல்றாங்க, உண்மையா?"

கேட்பதற்கு முன்னாலேயே சிரித்து முடித்துவிட்டது போலிருந்தது குரல்.

"உண்மைதாம்மா."

"அப்ப எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க அங்கிள். புதுப் பிளான் எழுதறவங்க எல்லாரும் ஒரு தடவை படிக்கணும்."

எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டலாம். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். படிப்பு மூன்றாம் பாரத்தோடு நின்றது. அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணிக்குக் கையாள். அப்போது ஏரியை அளக்க ஒரு சர்வேயர் வந்தார். அளவுக் கோலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஆடாமல் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். எங்கள் கிராணி என்னைத் தள்ளிவிட்டார். "இவனைக் கூட்டிக்கிட்டுப் போங்க சார். நல்லா நிப்பான். வேலை செய்யச் சொன்னாத்தான் கஷ்டம்." அந்தச் சிபாரிசில் கிடைத்த உத்தியோகம் ஓய்வு பெறும்வரை நீடித்தது. நின்றேன். நின்ற இடத்தில் மட்டம் பார்க்கப் படித்தேன், சேறு எடுத்து எடை போடப் படித்தேன், மலாயில் ரிப்போர்ட் எழுதப் படித்தேன். மற்றவர்கள் தூக்கிப் போட்ட கையேடுகளை எடுத்து வந்து வீட்டில் வாசித்தேன். பயிற்சிக் காலம் என்றால் அவ்வளவுதான்.

எங்கள் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரிங்காப் என்கிற ஊர்ப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலிருந்து இறங்கும் ஆறு தேயிலைக்கு நடுவே வளைந்து வந்து ஏரியில் விழுகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் அணைக்கட்டு. ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் காலங்காலமாக மண் சேர்ந்து, நாணல் முளைத்து, கொக்கு வந்து உட்கார்ந்து, பார்க்க அழகான ஒரு திட்டு. அதைத்தான் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தார்கள். காவலுக்கு இரண்டு அறைப் பலகை ஆபீஸ் ஒன்று, ஒரு படகு, நான், எனக்கு மேலே அதிகாரி என்சே ஹம்டான். மலாயில் ‘என்சே’ என்றால் ‘திரு’, ‘டுவான்’ என்றால் ‘ஐயா’.

என்சே ஹம்டான் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருவதைப் படித்தால் உங்களுக்கு அப்படித் தோன்றலாம். அவரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் அதை மேசை விளிம்போடு சேர்த்து நேராக வைப்பார். சட்டைப்பையிலிருந்து சின்ன அடிக்கோலை எடுத்து, கோணல் இல்லையே என்று பார்ப்பார். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவார். "ஆரம்பத்துல எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க ஆறுமுகம். கடைசியில என்ன கேக்கறாங்கன்னு பாரு" என்பார். அவர் பேசுவது மலாயில். எனக்குக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன், அவர் கடைசியில் ஒட்டும் ‘லா’வை மட்டும் அப்படியே விட்டு.

அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. எது கேட்டாலும் ஒரே கேள்விதான்: "பிளான்ல இருக்கா?" என் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டுப் போய் நின்றேன்.

"பிளான்ல இருக்கா?"

"என் பிளான்ல இருக்கு டுவான்."

ரொம்ப நேரம் யோசித்தார். ஐந்து நாள் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் எங்களுக்குப் பிளானே கிடையாது. மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் இருவரையும் மூன்று நாள் பயிற்சிக்குக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கழிமுகம். ஆறு கடலில் கலக்கிற இடம், சுற்றிலும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்கும். அதைப் பராமரிப்பதில் அந்த ஆபீசுக்கு நல்ல பெயர்.

நான் கடலை அதற்கு முன்னால் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். எங்களைப் படகில் கூட்டிப்போனவர் பாக் சூ என்கிற வயதான படகுக்காரர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர்கள் செய்யும் வேலையைக் காட்டினார். தண்ணீர் உச்சத்துக்கு ஏறியதும், எல்லை எது என்று ஆபீசர் சொல்லமாட்டார். மீனவர்கள் சேற்றில் இறங்கி, கடைசி அலை நனைத்த வேரைத் தொட்டுக் காட்டுவார்கள். அங்கே முளை அடித்து, தலையில் சிவப்பு மை பூசுவார்கள். முளைக்குக் கீழே சிப்பி எடுக்க யாருக்கு உரிமை, எந்த மாதம் எடுக்கக்கூடாது, எல்லாம் அந்த முளையை வைத்துத்தான். இரண்டு வருஷம் ஊர் ஊராக நடந்து, சண்டை போட்டு, சமாதானமாகி எழுதிய திட்டம் அது. ஒவ்வொரு வரியிலும் ஒருத்தர் கால் சேறு ஒட்டியிருந்தது.

"இங்க தண்ணி நிலா சொல்றபடி நடக்கும்" என்றார் பாக் சூ. "உங்க ஊர்ல?"

"அணைக்கட்டு ஆபரேட்டர் சொல்றபடி நடக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, படகோரம் குனிந்து ஒரு கைச் சேற்றை அள்ளினார். "இதைப் பாரு. மேல கறுப்பு, அது எங்களுது. நடுவுல மஞ்சள், அது எங்களுது இல்ல, மலையிலேருந்து வருது. சிப்பியை மூடிக் கொல்லுது. நீ மலைக்காரன்தானே? போகும்போது திருப்பி எடுத்துக்கிட்டுப் போ."

விளையாட்டாகத்தான் என் கையில் வைத்தார். எனக்கு அதைக் கீழே போட மனசு வரவில்லை. கடற்கரை ஆபீசுக்குத் திரும்பும்வரை கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என்சே ஹம்டான் அந்தச் சேற்றைப் பார்க்கவில்லை. அவர் அந்த ஆபீசின் திட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டி அட்டை, தங்க எழுத்து, பின்னால் மடித்த வரைபடங்கள். மேசையில் வைத்தார், நேராகவே நின்றது. கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை இரண்டு நாள் படித்தார். ஊர் திரும்பும் வழியில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இது மாதிரி வேணும்லா."

இது மாதிரி என்றால் இது மாதிரியே என்று புரிந்துகொண்டது, திட்டம் எழுத ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஏரிக்கரையில் படம் எடுத்தார்கள். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கினார்கள். மழை வந்தது, போய்விட்டார்கள். மூன்றாம் மாதம் எங்கள் திட்டப் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதையும் எல்லா இடத்திலும் மாற்றவில்லை.

நாங்கள் மலைமேல் கழிமுகம் நடத்த ஆரம்பித்தது இப்படித்தான்.

திட்டத்தில் பாக்காவ் மரம் நட வேண்டும் என்று இருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு லோரி நிறையக் கன்று வந்தது. பனிமூட்டத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் நட்டோம். உப்புத் தண்ணீரில் பிறந்த பிள்ளைகள். முதல் வாரமே இலை சுருங்கிவிட்டது. பாக்கியம் மண்வெட்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்னண்ணே, இதுங்களுக்கும் ஸ்வெட்டர் போட்டுவிடக் கூடாதா?"

நான் ரிப்போர்ட்டில் ‘செத்துவிட்டது’ என்று எழுதினேன். என்சே ஹம்டான் அதை அடித்துவிட்டு ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதினார். உண்மைதான். செத்ததை நாங்கள் தினமும் கண்காணித்தோம்.

ஆமை முட்டையிடும் இடம், அமைதி காக்கவும் என்று ஒரு பலகை வந்தது. அதைத் தேயிலைச் சாலை ஓரம் நட்டோம். சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்தி, மூச்சுவிடாமல், தேயிலைச் செடிக்குள் ஆமை தேடினார்கள். லயத்துப் பிள்ளைகள் அவர்களுக்கு வழிகாட்டிச் சம்பாதித்ததாகக் கேள்வி.

இழுவலை போட்டு மீன் பிடிக்கக் கூடாது என்று மூன்று பக்கம் இருந்தது. எங்கள் ஏரியில் இழுவலைப் படகு நுழைந்தால் திரும்ப இடம் கிடையாது. அந்த வருஷம் ஆற்றுக்கு மேலே சரிவில் இரண்டு புல்டோசர்கள் மலையைச் சீவிக்கொண்டிருந்தன. மழை பெய்தால் ஆறு பால் ஊற்றின டீ மாதிரி ஓடி வந்தது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"டுவான், மேல மண்ணை வெட்டறாங்க. அது பூராவும் ஏரியில விழுது. பிளான்ல எந்தப் பக்கம்னு தெரியல."

கடைசிப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தார். "இழுவலை இருக்கு. நங்கூரம் இருக்கு. கப்பல் எண்ணெய் இருக்கு. மலை இல்லையேலா."

"கடற்கரைப் பிளான்ல மலை எப்படி இருக்கும் டுவான்?"

"அதான்" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது போலப் புத்தகத்தை மூடி, விளிம்போடு சேர்த்து வைத்தார்.

இனி என் பங்கு.

திட்டத்தோடு வந்த படிவங்களில் நான்காவது என்னுடையது. தேதி, நிலா, ஏற்ற நேரம், ஏற்ற உயரம், வற்ற நேரம், வற்ற உயரம், கடைசியில் விரலகலத்துக்குக் குறிப்பு. எங்கள் ஏரியில் தினமும் நான் மட்டம் பார்ப்பதுண்டு. தண்ணீரில் நட்ட அளவுப் பலகையில் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை. முதல் வாரம் ஏற்றம், வற்றம் இரண்டையும் காலியாக விட்டு அனுப்பினேன். ‘முழுமையாக நிரப்பவும்’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. இரண்டாம் வாரம் ‘ஏரியில் ஏற்றம் இல்லை’ என்று எழுதினேன். கம்ப்யூட்டர் எண்ணைத்தான் ஏற்கும், எழுத்தை ஏற்காது என்று திரும்பி வந்தது. என்சே ஹம்டானிடம் கேட்டேன்.

"கட்டம் இருந்தா விஷயம் இருக்கும் ஆறுமுகம். தேடிப் பாரு."

தேடினேன். கேமரன் மலையில் மத்தியானத்துக்கு மேல் மழை வரும், எல்லாருக்கும் தெரியும். மழை வந்தால் ஏரி ஏறும். இரவில் அணைக்கட்டில் திறந்துவிட்டால் காலையில் இறங்கியிருக்கும். ஆக, காலை ஏழு மணி அளவை வற்றம் என்ற கட்டத்திலும், மாலை நான்கு மணி அளவை ஏற்றம் என்ற கட்டத்திலும் எழுதினேன். நிலாவைக் காலண்டர் பார்த்துப் போட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில் ‘மழை’ என்று எழுதினேன், மழை இல்லாத நாளில் ‘அணை மூடியிருந்தது’ என்று. எல்லாவற்றையும் அப்படியே என் அளவு நோட்டிலும் எழுதி வைத்தேன்.

படிவம் திரும்பி வரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அடுத்த வருஷம் எங்கள் ஆபீசுக்கு ‘முழுமையான தகவல்’ என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. என்சே ஹம்டான் அதைச் சுவரில் மாட்ட அடிக்கோலோடு ஒரு மத்தியானம் முழுக்க நின்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

சில வருஷம் போனதும், திட்டத்தில் அடுத்த பக்கத்துக்கு வந்தோம். பல வருஷ உச்ச ஏற்றத்தை வைத்து எல்லைக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே முதல் பாதுகாப்பு வட்டம். அங்கே பாரம்பரிய மீனவரைத் தவிர யாரும் எதையும் செய்யக் கூடாது. என் அளவுகளைக் கம்ப்யூட்டர் கூட்டியது. ஒரு பெரிய மழை வருஷத்தில் அணைக்கட்டுக் கதவு பழுதாகி ஏரி கரை தாண்டி நின்றது. அதையும் நான் நேர்மையாக ஏற்றம் என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் அதையும் எடுத்துக்கொண்டது. கோடு வந்தது. முளை அடிக்க நானே போனேன். சிவப்பு மை டின்னும் எடுத்துக்கொண்டு.

நான்காவது முளை பாக்கியத்தின் மேட்டோரக் கடைசிப் பாத்தியில் விழுந்தது.

பாக்கியம் கொழுந்து எடுத்தவள். முட்டி வலி வந்து தோட்ட வேலையை விட்டாள். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவள் மாமனார் காலத்திலிருந்து வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக அனுமதியில் இருந்த அந்த ஆற்றோரத் துண்டுதான் குடும்பத்தைத் தாங்கியது. சாவிக் கீரை, ஒரு ஓரம் செவ்வந்தி. கணவன் செல்வம் லோரியில் கம்போங் ராஜா சந்தைக்கு ஏற்றிப் போவான். வாடகை வீடு, கல்லூரியில் ஒரு பெண், எல்லாம் அந்தச் சேற்றிலிருந்து முளைத்தவை. துண்டு போனால், முட்டி வலியோடு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் நிற்க வேண்டும். எடுப்பார்களா என்பது வேறு.

அவள் முளையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"இது என்னண்ணே, கேரட்டா? நான் கேரட் போடலையே."

"எல்லை தங்கச்சி."

"யாரு எல்லை?"

"கடல் எல்லை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். குடித்திருக்கிறேனா என்று பார்த்தாள் என நினைக்கிறேன். "வீட்டுக்குப் போய்ப் படுங்கண்ணே. வெயில்ல நின்னிருக்கீங்க" என்றாள். அன்று வெயிலே இல்லை.

ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். ஆட்சேபணை இருந்தால் பொதுக் கூட்டத்தில் சொல்லலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி சரோஜா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன, பொய் எழுதிட்டீங்களா?"

"பொய் இல்ல. கேட்ட கட்டத்துல எழுதினேன்."

"கட்டத்துல எழுதினது யாரு? கட்டமேவா எழுதிக்கிச்சு?"

"இப்ப சொன்னா இத்தனை வருஷ அளவும் குப்பைன்னு ஆயிடும். சான்றிதழ் வேற. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு."

"பாக்கியம் வீட்டுக் கீரையை வாங்கி எத்தனை வருஷமா சாப்பிடறோம்?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் கை கழுவவில்லை.

சரி, மண்டபத்துக்கு வருவோம்.

மேடையில் நீள மேசை. நடுவில் என்சே ஹம்டான். ஒரு பக்கம் தோட்டத்துத் துரை, அணைக்கட்டு இஞ்சினியர். மறுபக்கம் ஊர்த் தலைவர். கீழே லயத்து ஆட்கள், காய்கறித் தோட்டக்காரர்கள். பாக்கியம் வயலிலிருந்து நேராக வந்திருந்தாள், ரப்பர் பூட்ஸோடு. கடல் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதும், மேடையில் இருந்த நால்வரும் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் கடல் இருக்கும் என்று நம்பினார்கள் போலும்.

என்சே ஹம்டான் மெதுவாகச் சொன்னார். "கடல் இல்லம்மா. ஆனா ஏற்றம் இருக்குலா. தினமும் அளந்திருக்கு. ஒரு நாள் விடாம." சொல்லிவிட்டு, பெருமையோடு, என்னைக் கை காட்டினார்.

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பாக்கியமும் திரும்பினாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். "அண்ணே, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எழுந்து நின்றேன். நிற்கத்தான் எனக்குத் தெரியுமே.

"டுவான், அது ஏற்றம் இல்ல. மத்தியான மழை. சாயங்காலம் ஏறும், ராத்திரி அணையில திறந்தா இறங்கும். கட்டம் காலியா இருந்தா படிவம் திரும்பி வருதுன்னு நான்தான் அதுல போட்டேன். அந்தக் கோடு முழுக்க மழைக் கோடு. ஒரு இடத்துல கதவு ரிப்பேர்க் கோடு."

அணைக்கட்டு இஞ்சினியர் இருமினார். துரை முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார், சிரித்தாரா தெரியாது.

என்சே ஹம்டான் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மேசை விளிம்போடு நேராக வைத்தார். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். சான்றிதழும் போய்விடும் என்று அவருக்குப் புரிந்திருக்கும். அந்தச் சான்றிதழ் அவருக்கு மகன் மாதிரி.

"குறிப்புல எழுதியிருக்கலாமே ஆறுமுகம்."

"எழுதியிருக்கேன் டுவான். ஒவ்வொரு நாளும் ‘மழை’ன்னு எழுதியிருக்கேன். விரலகலம் கட்டம். யாரும் படிக்கல."

படித்தார். பக்கம் பக்கமாக, மழை, மழை, மழை, அணை மூடியிருந்தது, மழை. மண்டபம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. பிறகு நோட்டை மூடிவிட்டு, திட்டப் புத்தகத்தை இழுத்தார். அதில் என்ன தேடப் போகிறார் என்று தெரியும்.

"தப்பான அளவை நீக்கலாம். பிளான்ல இருக்கு" என்றார். எல்லோரும் மூச்சுவிட்டோம். விரலை வரியில் வைத்துத் தொடர்ந்து படித்தார். "ஆனா ஏற்றக் கோட்டை மாத்தணும்னா குழுவுல எல்லாரும் கை தூக்கணும். மீனவர் பிரதிநிதியும் இருக்கணும். அவர் இல்லாம கோட்டை ஒரு அடி நகர்த்தக் கூடாது."

கடற்கரையில் அது நியாயமான விதி. அங்கே கோடு எது என்று மீனவனுக்குத்தான் தெரியும். இங்கே மேசை ஓரத்தில் ‘மீனவர் பிரதிநிதி’ என்று அட்டை வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. திட்டம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அதற்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்து, கூட்டம் முடிந்ததும் எடுத்து வைப்பது வழக்கம்.

"மீனவர் இல்லையே டுவான்" என்றார் ஊர்த் தலைவர்.

"இல்லைதான்" என்றார் என்சே ஹம்டான். அவருக்கும் வருத்தமாகவே இருந்தது. "அதுவரைக்கும் கோடு இருந்த இடத்துல இருக்கும்லா. நோட்டீஸும்."

"அண்ணே" என்று பாக்கியம் என்னைக் கூப்பிட்டாள். "மீனவர்னா யாருன்னு அதுல போட்டிருக்கான்னு டுவானைக் கேளுங்க."

கேட்டேன். அவர் தேடினார். கடைசிப் பக்கத்திலிருந்து வந்ததால் சீக்கிரமே கிடைத்தது. விளக்கங்கள் கடைசியில்தான் இருந்தன. சத்தமாகப் படித்தார். "கழிமுகத்து நீரில் மீன் பிடித்து விற்பவர், அல்லது பிடித்து உண்பவர். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒப்புக்கொண்டால் போதும்."

"உண்பவர்னா சாப்பிடறவங்கதானே?"

"ஆமா."

"என் வாய்க்கால்ல திலாப்பியா ஏறி வருது டுவான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குழம்பு. வேணும்னா என் வீட்டுக்காரரைக் கேளுங்க, முள்ளு தொண்டையில மாட்டி ஆஸ்பத்திரிக்கே போயிருக்காரு."

பின் வரிசையிலிருந்து செல்வம், "ரெண்டு தடவை" என்றான்.

இப்போது சிரித்தார்கள். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கை தூக்க ஆரம்பித்தார்கள். காய்கறித் தோட்டக்காரர்களும் தூக்கினார்கள். என்சே ஹம்டான் அந்தக் கைகளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், இன்னொரு தடவை அந்த வரியைப் படித்தார். அடிக்கோலை எடுத்து வரிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். என் ஆயுசில் மறக்காத முகம் அது. எங்கேயோ இத்தனை வருஷமாகத் தேடிய ஒரு பொருள் சொந்தச் சட்டைப்பையிலேயே கிடைத்தவர் போல.

"பிளான்ல இருக்கு" என்றார்.

பிறகு தீர்மானத்தைப் படித்தார். ஏற்றம் என்று எழுதிய அளவுகளை நீக்குவது, கோட்டை ஏரிக்கரைக்கு இறக்குவது, நோட்டீசைத் திரும்பப் பெறுவது. துரை கை தூக்கினார். இஞ்சினியர், கதவு ரிப்பேர் என்ற சொல் தீர்மானத்தில் வராது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, தூக்கினார். ஊர்த் தலைவர் தூக்கினார். என்சே ஹம்டான் சுவரில் இனி எதை மாட்டுவது என்று யோசித்தாரோ என்னவோ, கொஞ்சம் தாமதித்து, அவரும் தூக்கினார்.

பாக்கியம் மேடைப் படியில் உட்கார்ந்து, சேறு காய்ந்திருந்த பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு மேலே ஏறினாள். காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ‘மீனவர் பிரதிநிதி’ அட்டை கோணலாக இருந்ததைப் பார்த்து, மேசை விளிம்போடு சேர்த்து நேராக வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

அப்புறம் கையைத் தூக்கினாள்.